அண்டை அறியும் நெறி

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரே ஏரியில் வலை வீசுவோர் ஒரே மொழியைப் பேச வேண்டும் என்பதில்லை. ஒரே ஒழுங்கை ஏற்றிருந்தால் போதும். கணினி வலையமைப்புக்கும் இது பொருந்தும். வெவ்வேறு நிறுவனங்கள் உருவாக்கிய திசைவிகள் ஒன்றையொன்று அண்டையாக அறிந்து, நம்பி, செய்தியைக் கடத்த வேண்டும். அந்த அறிமுகம் எங்கே தடைப்படுகிறது, தடையை எவ்வாறு கண்டறிவது என்பதைப் பழவேற்காட்டு மீனவ ஊர்களின் ஏற்பாடு ஒன்றோடு ஒப்பிட்டு இப்பாடம் விளக்குகிறது.

ஏரியும் இரு கரைகளும்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் அமைந்தது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இவ்வூரின் பெயரையே தாங்கியுள்ளது. காயலின் பெரும்பரப்பு ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. காயலுக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. ஆரணியாறு நன்னீரைக் கொணர்கிறது. முகத்துவாரம் கடல்நீரை உள்ளே விடுகிறது. இரண்டும் கலக்கும் நீரில் இறாலும் நண்டும் மடவை மீனும் வளர்கின்றன.

முகத்துவாரத்தில் மணல் குவிந்து வழி தூர்ந்துவிட்டால், கடலிலிருந்து இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வருவது குறையும். படகுகள் கடலுக்குச் செல்வதும் தடைப்படும். ஏரி அப்படியே இருக்கும். கடலும் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு வாயில் மட்டுமே அடைபட்டிருக்கும். ஆனால் அதனால் ஊர்களின் பிழைப்பே நின்றுவிடும். இணைப்பின் அருமையை இக்கரை மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக் கரையில் தமிழும் ஆந்திரக் கரையில் தெலுங்கும் வழங்குகின்றன. நீர்ப்பரப்பில் வேலி இல்லை. மீனுக்கு எல்லை தெரியாது. எனவே ஏரியைப் பகிர்ந்து வாழ்வோர்க்கு எழுதப்பட்டோ எழுதப்படாமலோ ஒரு நெறி தேவைப்படுகிறது.

பாடு என்னும் ஏற்பாடு

பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்னும் பழைய ஏற்பாடு உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய வளமான இடங்களில் சுத்துவலை கட்டி இறால் பிடிக்கும் உரிமையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதே பாடு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் இம்முறையில் முதன்மை இடம் பெறுகின்றன.

இவ்வேற்பாடு மூன்று வினாக்களுக்கு விடை தருகிறது. வலை கட்டுபவர் யார்? எப்போது கட்டுவார்? எங்கே கட்டுவார்? இம்மூன்றிலும் ஒத்த கருத்து இருக்கும் வரை ஏரியில் பூசல் இல்லை. ஒன்றில் பிசகினாலும் வலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும்.

பாடு குறையற்ற ஏற்பாடு அன்று. உறுப்பினராக ஏற்கப்பட்டோர்க்கு மட்டுமே அதில் இடமுண்டு. ஏரியின் ஆழமற்ற நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றனர். எந்த நெறியும் தனக்குள் வருவோரை இணைக்கும்; தன் நிபந்தனைக்குப் பொருந்தாதோரை வெளியே நிறுத்தும். நெறியின் இவ்விரு முகங்களையும் நினைவிற்கொண்டு திசைவிகளிடம் செல்வோம்.

திசைவியும் அதன் இயங்குதளமும்

நாம் அனுப்பும் மின்னஞ்சலோ படமோ முழுமையாகப் பயணம் செய்வதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொதியும் எவ்வழியே செல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் கருவியே திசைவி. திசைவிக்குள்ளும் ஓர் இயங்குதளம் இருக்கிறது. சிஸ்கோ நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ்., ஜூனிப்பர் நிறுவனத்தின் ஜூனோஸ், லாட்வியா நாட்டு மைக்ரோடிக் நிறுவனத்தின் ரவுட்டர் ஓ.எஸ். ஆகியன பரவலாக அறியப்பட்டவை. லினக்ஸ் கணினியையே திசைவியாக மாற்றும் எஃப்.ஆர்.ஆர். என்னும் கட்டற்ற மென்பொருளும் உண்டு.

இவற்றின் கட்டளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அண்டைத் திசைவிகளின் பட்டியலைக் காண ஐ.ஓ.எஸ். திசைவியில் ‘ஷோ ஐ.பி. ஓ.எஸ்.பி.எஃப். நெய்பர்’ என்று கேட்க வேண்டும். ஜூனோஸ் திசைவியில் நடுவிலுள்ள ‘ஐ.பி.’ தேவையில்லை. பேச்சுமொழி வேறு, ஆயினும் திசைவிகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் பொதிகளின் வடிவம் ஒன்றே. அவ்வடிவத்தை வகுப்பதே நெறிமுறை.

இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழு 1986ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அக்குழு வெளியிடும் ஆவணங்களை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். அவற்றுள் 2328ஆம் எண்ணுடைய ஆவணம் 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜான் மோய் எழுதிய அவ்வாவணம், ஓ.எஸ்.பி.எஃப். என்று சுருக்கமாக வழங்கும் வழிகாண் நெறிமுறையின் இரண்டாம் பதிப்பை வரையறுக்கிறது. ஒரு வலையமைப்பிலுள்ள திசைவிகள் தமக்குத் தெரிந்த இணைப்புகளை ஒன்றுக்கொன்று அறிவித்து, எல்லாத் திசைவிகளும் ஒரே வரைபடத்தைப் பெற்று, அதிலிருந்து மிகக் குறுகிய வழியைக் கணக்கிடுவதே அந்நெறியின் சாரம்.

தெரியுமா?

ஓ.எஸ்.பி.எஃப். பயன்படுத்தும் குறுவழிக் கணக்கீட்டை வகுத்தவர் நெதர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குச் செல்ல மிகக் குறுகிய வழி எது என்னும் வினாவுக்கு விடையாக 1956ஆம் ஆண்டு அதனைச் சிந்தித்தார். 1959ஆம் ஆண்டு வெளியிட்டார். அதே நெதர்லாந்திலிருந்து கடல்வழி வந்த வணிகர்கள்தாம் 1613ஆம் ஆண்டு பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். அவர்களின் கல்லறைத் தோட்டத்தை இன்றும் பழவேற்காட்டில் காணலாம்.

அறிமுகத்தின் ஏழு படிகள்

இரு திசைவிகள் கம்பியால் இணைக்கப்பட்டவுடன் நண்பர்களாகிவிடுவதில்லை. அவை படிப்படியாக நெருங்குகின்றன.

முதற்படி ‘டவுன்’. அண்டை ஒன்று இருப்பதே தெரியாத நிலை இது. ஒவ்வொரு திசைவியும் 10 நொடிக்கு ஒருமுறை வணக்கப் பொதி ஒன்றை அனுப்புகிறது. ஆங்கிலத்தில் ‘ஹலோ’ என்றே அதற்குப் பெயர். 224.0.0.5 என்னும் பொது முகவரிக்கு அது செல்வதால், அவ்விணைப்பிலுள்ள ஓ.எஸ்.பி.எஃப். திசைவிகள் அனைத்தும் அதனைக் கேட்கும்.

இரண்டாம் படி ‘இனிட்’. மற்றதன் வணக்கம் காதில் விழுந்துவிட்டது. ஆனால் நம் வணக்கம் அதற்கு எட்டியதா என்று தெரியவில்லை. மூன்றாம் படி ‘டூ வே’. வணக்கப் பொதி ஒவ்வொன்றிலும் ‘நான் இதுவரை யார் யாரைக் கேட்டேன்’ என்னும் பட்டியல் இருக்கும். அண்டையின் பட்டியலில் தன் அடையாள எண்ணைக் கண்ட பின்னரே ஒரு திசைவி இவ்விணைப்பு இருவழிப்பட்டது என்று ஏற்கிறது. பிறர் குரலைக் கேட்டால் மட்டும் போதாது. அக்குரலில் தன் பெயரும் ஒலிக்க வேண்டும்.

நான்காம் படி ‘எக்ஸ்ஸ்டார்ட்’. செய்திப் பரிமாற்றத்தை யார் நடத்துவது என்று முடிவாகும் நிலை இது. பெரிய அடையாள எண் உடைய திசைவி அப்பொறுப்பை ஏற்கும். ஐந்தாம் படி ‘எக்ஸ்சேஞ்ச்’. தம்மிடமுள்ள தகவல்களின் தலைப்புகளை மட்டும் இரண்டும் மாற்றிக்கொள்கின்றன. ஆறாம் படி ‘லோடிங்’. தன்னிடம் இல்லாதவற்றைக் கேட்டு வாங்கும் நிலை இது. ஏழாம் படி ‘ஃபுல்’. இரண்டின் வரைபடமும் ஒன்றாகிவிட்டது. நிறைவான அண்டையுறவு அமைந்துவிட்டது.

பழுது பார்ப்பவர்க்கு இப்படிகளே துணை. உறவு எந்தப் படியில் நின்றுவிட்டது என்பதை அறிந்தால், பழுதின் காரணத்தை ஏறத்தாழ அறிந்ததாகிவிடும்.

முதற்படியிலேயே நின்றால்

எடுத்துக்காட்டாக ஒரு நிலையைக் கற்பனை செய்து பார்ப்போம். ஏரிக்கரையிலுள்ள இரு குப்பங்களுக்கு வலையமைப்பு அமைக்கப்படுகிறது. ஒன்றில் ஐ.ஓ.எஸ். திசைவியும் மற்றொன்றில் ஜூனோஸ் திசைவியும் உள்ளன. இரண்டுக்கும் இடையே கம்பி சீராக உள்ளது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சோதனைப் பொதி அனுப்பினால் மறுமொழி வருகிறது. ஆயினும் அண்டைப் பட்டியல் வெறுமையாக இருக்கிறது. ஏன்?

பாடு முறையின் மூன்று வினாக்களை இங்குக் கேட்கலாம்.

யார்? ஒவ்வொரு திசைவிக்கும் தனித்த அடையாள எண் வேண்டும். ஒரு திசைவியின் அமைப்பை அப்படியே படியெடுத்து மற்றொன்றில் இட்டால் இரண்டும் ஒரே எண்ணைப் பெற்றுவிடக்கூடும். அப்போது உறவு சரிவர அமையாது. மேலும், இரண்டிலும் மறைசொல்லும் அதன் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மறைசொல் இட்டு மற்றொன்றில் இடாமல் விட்டாலும் வணக்கப் பொதிகள் ஏற்கப்படா.

எப்போது? வணக்க இடைவெளி இயல்பாக 10 நொடி. 40 நொடி வரை அண்டையிடமிருந்து ஒரு வணக்கமும் வராவிட்டால் அண்டை மறைந்துவிட்டதாகத் திசைவி முடிவு செய்யும். சிலவகை இணைப்புகளில் இவ்வளவுகள் 30, 120 என்று இருக்கும். ஒரு முனையில் 10, 40 என்றும் மறுமுனையில் 30, 120 என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஏற்கா. எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதில்கூட அண்டையர் உடன்பட வேண்டும்.

எங்கே? பெரிய வலையமைப்பை ஓ.எஸ்.பி.எஃப். பல பகுதிகளாகப் பிரிக்கிறது. இணைப்பின் இரு முனைகளும் ஒரே பகுதி எண்ணைக் கொண்டிருக்க வேண்டும். இங்கு எழுத்துமுறை வேறுபாடு குழப்பம் தரும். ஒரு திசைவி பகுதி எண்ணைப் ‘10’ என்று காட்டும். மற்றொன்று அதையே ‘0.0.0.10’ என்று காட்டும். இரண்டும் ஒன்றே. ஆனால் அதனை ‘10.0.0.0’ என்று எழுதிவிட்டால் அது முற்றிலும் வேறான எண். பொது இணைப்பில் வலையமைப்பு மறைப்பு எனப்படும் முகவரி அளவும் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும்.

சில வேளைகளில் நிலை ‘இனிட்’ என்னும் இரண்டாம் படியில் நிற்கும். அப்படியானால் நமக்கு அண்டையின் குரல் கேட்கிறது. நம் குரல் அண்டையை எட்டவில்லை. ஓ.எஸ்.பி.எஃப். பொதிகள் இணைய நெறிமுறையில் 89ஆம் எண்ணைத் தாங்கிச் செல்பவை. மறுமுனையின் தீயரண் அவ்வெண்ணைத் தடுத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லினக்ஸ் அடிப்படையிலான திசைவிகளில் இதனை மறவாமல் சோதிக்க வேண்டும்.

கூடையோடு நிறுப்பதா, கூடையின்றி நிறுப்பதா?

முதல் மூன்று படிகளைக் கடந்த பின்னும் உறவு ‘எக்ஸ்ஸ்டார்ட்’, ‘எக்ஸ்சேஞ்ச்’ ஆகிய நிலைகளில் தேங்கி நிற்பதுண்டு. வெவ்வேறு நிறுவனத் திசைவிகளை இணைக்கும்போது அடிக்கடி காணப்படும் பழுது இது. காரணம் பெரும்பாலும் பொதியின் பேரளவு பற்றிய கருத்து வேறுபாடே.

ஓர் இணைப்பின் வழியே துண்டாக்காமல் அனுப்பக்கூடிய மிகப் பெரிய பொதியின் அளவுக்கு எம்.டி.யு. என்று பெயர். ஈதர்நெட் இணைப்பில் அது இயல்பாக 1500 பைட். ஒவ்வொரு பொதியின் முன்னும் 14 பைட் அளவுள்ள ஈதர்நெட் தலைப்பு ஒன்று சேர்கிறது. ஐ.ஓ.எஸ். திசைவியில் எம்.டி.யு. அளவைக் குறிக்கும்போது இத்தலைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஜூனோஸ் திசைவியின் இடைமுகத்தில் அதனைச் சேர்த்தே குறிக்க வேண்டும். எனவே ஒன்றில் 1500 என்றும் மற்றொன்றில் 1514 என்றும் காணப்பட்டால் அது முரண்பாடு அன்று. இரண்டும் ஒரே அளவு.

மீன் ஏலக்கூடத்தில் ஒருவர் கூடையோடு நிறுத்து எடை சொல்கிறார். மற்றவர் கூடையின் எடையைக் கழித்துச் சொல்கிறார் என்று கொள்வோம். எண்கள் வேறுபட்டாலும் மீன் ஒன்றே. மாறாக, இருவரும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் ஐயப்பட வேண்டும்.

பெரிய பொதிகளை அனுப்ப விரும்பி இரு திசைவிகளிலும் 9000 என்று அமைத்ததாகக் கொள்வோம். எண்கள் ஒன்றாக இருப்பதால் யாவும் சரி என்று தோன்றும். ஐ.ஓ.எஸ். திசைவிக்கோ 9000 பைட் முழுவதும் பொதிக்கே உரியது. ஜூனோஸ் திசைவிக்கு அதில் 14 பைட் தலைப்புக்குப் போக எஞ்சுவது 8986 மட்டுமே. தகவல் தலைப்புகளை மாற்றிக்கொள்ளும் பொதியில் ஒவ்வொரு திசைவியும் தன் எம்.டி.யு. அளவை எழுதி அனுப்பும். தன்னால் ஏற்க இயலும் அளவைவிடப் பெரிய அளவு வந்தால் அப்பொதியை ஏற்கலாகாது என்பது நெறிமுறையின் விதி. ஆகவே ஜூனோஸ் திசைவி ஐ.ஓ.எஸ். திசைவியின் பொதியைத் தள்ளிவிடும். ஐ.ஓ.எஸ். மீண்டும் அனுப்பும்; அது மீண்டும் தள்ளும். ஜூனோஸ் திசைவியில் 9014 என்று திருத்தினால் உறவு அமைந்துவிடும்.

இப்பொருத்தமின்மையைப் பொருட்படுத்தாதே என்று திசைவிக்குக் கட்டளையிடும் வசதியும் சில இயங்குதளங்களில் உண்டு. உடனடியாக உறவு அமைந்துவிடுவதால் பலர் அதனைத் தீர்வெனக் கொள்கின்றனர். உண்மையில் அளவு வேறுபாடு அப்படியே இருக்கிறது. அதை அறிவிக்கும் குரல் மட்டுமே அடக்கப்பட்டிருக்கிறது. வலையமைப்பு வளர்ந்து பெரிய பொதிகள் பயணம் செய்யும் நாளில் அவை வழியில் காணாமற்போகும். அப்போது காரணத்தைத் தேடுவது முன்னினும் கடினம்.

நின்ற இடமே சரியான இடமா?

உறவு ‘டூ வே’ என்னும் மூன்றாம் படியில் நிற்பது எப்போதும் பழுதாகாது. ஒரே பொது இணைப்பில் பத்துத் திசைவிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் முழு உறவு கொண்டால் 45 உறவுகள் வேண்டும். இச்சுமையைக் குறைக்க, திசைவிகள் தமக்குள் ஒரு தலைமைத் திசைவியையும் ஒரு துணைத் திசைவியையும் தேர்ந்தெடுக்கின்றன. ஏனையவை இவ்விரண்டோடு மட்டும் முழு உறவு கொள்ளும். 17 உறவுகள் போதும். மற்றவை தமக்குள் ‘டூ வே’ நிலையிலேயே அமைதியாக இருக்கும். நலமாக இருப்பதை நோய் என்று எண்ணி மருந்து கொடுப்பதும் தவறே.

அதே வேளையில், இருக்கும் இரு திசைவிகளுமே ‘எனக்குத் தலைமை வேண்டாம்’ என்னும் பொருளில் முன்னுரிமை எண்ணைச் சுழியமாக அமைத்திருந்தால், இணைப்பில் தலைமையே இல்லாமல் உறவு மூன்றாம் படியோடு நின்றுவிடும். அது பழுதே.

இன்னொரு பழுது இதற்கு நேர்மாறானது. அண்டைப் பட்டியலில் ‘ஃபுல்’ என்று காட்டும். ஆனால் வழிகள் தோன்றா. ஒரு முனையில் இணைப்பைப் பலர் கூடும் பொது இணைப்பு என்றும் மறுமுனையில் இருவருக்கு மட்டுமான நேரிணைப்பு என்றும் அமைத்திருந்தால் இவ்வாறு நேரும். இரண்டு வகைக்கும் நேர இடைவெளிகள் 10, 40 என்றே இருப்பதால் அறிமுகம் தடையின்றி நடந்துவிடும். ஆனால் வரைபடத்தில் ஒன்று மற்றொன்றைக் குறிப்பிடும் விதம் பொருந்தாது. கணக்கீட்டின்போது அவ்விணைப்பு விடுபட்டுப்போகும். உறவு என்ற பெயர் இருக்கும். உறவின் பயன் இராது.

பழுது நாடும் முறை

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் தேர்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறது. வலையமைப்புப் பழுதுக்கும் அவ்வரிசையே உரியது.

முதலாவது, இணைப்பு உயிரோடு உள்ளதா என்று பார்க்க வேண்டும். கம்பி, மின்சாரம், முகவரி ஆகியவற்றைச் சோதிக்காமல் நெறிமுறையைக் குறை கூறுதல் ஆகாது.

இரண்டாவது, உறவு எந்தப் படியில் நிற்கிறது என்று இரு முனைகளிலும் பார்த்து எழுத வேண்டும். ஒரு முனையில் மட்டும் பார்த்தால் பாதி உண்மையே கிடைக்கும்.

மூன்றாவது, அடையாள எண், மறைசொல், நேர இடைவெளி, பகுதி எண், முகவரி மறைப்பு, இணைப்பு வகை, எம்.டி.யு. ஆகியவற்றை இரு பத்திகளாக எழுதி ஒப்பிட வேண்டும். எண்களை மட்டுமன்றி அவ்வெண்கள் எதனைக் குறிக்கின்றன என்பதையும் ஒப்பிட வேண்டும்.

நான்காவது, ஐயம் தீராவிட்டால் கம்பியில் செல்லும் பொதியையே பிடித்துப் பார்க்க வேண்டும். 1998ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் வயர்ஷார்க் என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கு உதவும். இரு நிறுவனங்களின் கையேடுகளும் வேறு வேறு சொற்களைப் பேசலாம். பொதியில் எழுதப்பட்டிருப்பது ஒன்றே. அதுவே இருவருக்கும் பொதுவான சான்று.

ஐந்தாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி விளைவைக் காண வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் பழுது நீங்கலாம். எதனால் நீங்கியது என்பது தெரியாமலே போகும்.

தெரிந்து தெளிவோம்

டவுன் நிலை: நேர இடைவெளி, பகுதி எண், மறைசொல், முகவரி மறைப்பு ஆகியவற்றை ஒப்பிடுக.
இனிட் நிலை: ஒருவழித் தடை, தீயரணைப் பார்க்க.
டூ வே நிலை: தலைமைத் திசைவி உள்ளதா என்று காண்க, இருப்பின் இது இயல்பாகவும் இருக்கலாம்.
எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச் நிலைகள்: எம்.டி.யு. அளவை, தலைப்பைச் சேர்த்தும் நீக்கியும் கணக்கிடுக.
ஃபுல் நிலை, ஆயினும் வழியில்லை: இணைப்பு வகையை ஒப்பிடுக.

நாற்பது நொடியின் மதிப்பு

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். கரையோர ஊர்களுக்கு அதன் விடை தெரியும். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, புதுச்சேரியின் நல்லவாடு மீனவ ஊருக்குச் சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவரின் தொலைபேசி எச்சரிக்கை வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த ஊரக அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அச்செய்தியை ஊருக்கு அறிவித்தது. மக்கள் கரையைவிட்டு விலகி உயிர் தப்பினர். செய்தி இருந்ததும் உண்மை. அது கடந்து செல்ல ஒரு வழி இருந்ததும் உண்மை. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் விளைவு வேறாகியிருக்கும்.

இன்று ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் ஆழிப்பேரலை எச்சரிக்கையை வழங்குகிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பணியை ‘பாரத்நெட்’ திட்டத்தின்கீழ்த் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் மேற்கொண்டது. இத்தகைய பெரிய வலையமைப்பில் பல நிறுவனங்களின் கருவிகள் அருகருகே அமர நேரும். அவை ஒன்றையொன்று அண்டையாக ஏற்றிருந்தால், புயலில் ஒரு கம்பி அறுந்த 40 நொடிக்குள் அவ்வழி போயிற்று என்று அறிந்து மாற்று வழியைக் கணக்கிட்டுவிடும். ஏற்காதிருந்தால், மாற்றுக் கம்பி நிலத்தடியில் நலமாகக் கிடந்தும் பயனில்லை.

நெறிமுறை என்பது எல்லாரையும் ஒருவராக்குவதன்று. ஐ.ஓ.எஸ். ஐ.ஓ.எஸ். ஆகவே இருக்கிறது, ஜூனோஸ் ஜூனோஸ் ஆகவே இருக்கிறது. யார், எப்போது, எங்கே, எவ்வளவு என்னும் சிலவற்றில் மட்டும் அவை உடன்படுகின்றன. உடன்பாடு முறியும்போது அண்டையைப் பழிப்பது எளிது. இருவரும் ஒரே சொல்லால் ஒரே பொருளைத்தான் குறிக்கிறோமா என்று கேட்பதே பழுதை நீக்கும் முதல் வினா. ஏரிக்கும் அது பொருந்தும். ஊருக்கும் அது பொருந்தும்.

சொல்லும் பொருளும்

காயல் – கடலோடு தொடர்புடைய உவர்நீர்ப் பரப்பு
முகத்துவாரம் – ஆறோ காயலோ கடலோடு சேரும் வாயில்
தூர்தல் – மணல், சேறு நிறைந்து மேடாதல்
திசைவி – பொதிகளின் வழியைத் தீர்மானிக்கும் கருவி
தீயரண் – வேண்டாத பொதிகளைத் தடுக்கும் காப்பு
சுழியம் – பூச்சியம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நீர், நிலம், சந்தை ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ள வழங்கும் மரபு ஏற்பாடு ஒன்றை மூத்தோரிடம் கேட்டறிந்து, அதில் யார், எப்போது, எங்கே என்னும் வினாக்களுக்குரிய விடைகளை எழுதுக. அவ்வேற்பாட்டுக்கு வெளியே நிற்போர் யாவர் என்றும் ஆராய்க.
2. உங்கள் பகுதியில் ஒரே அளவை இருவேறு வகையாகக் குறிக்கும் வழக்கங்களைத் தொகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஐ.ஓ.எஸ். திசைவியில் எம்.டி.யு. 1500 எனில், அதற்கு இணையாக ஜூனோஸ் இடைமுகத்தில் அமைய வேண்டிய அளவு
அ) 1486 ஆ) 1500 இ) 1514 ஈ) 9014

2. அண்டையின் குரல் கேட்டும் நம் குரல் அதற்கு எட்டாத நிலை
அ) டவுன் ஆ) இனிட் இ) லோடிங் ஈ) ஃபுல்

குறுவினா

1. பாடு முறை விடையளிக்கும் மூன்று வினாக்கள் யாவை?
2. ‘டூ வே’ நிலையை ஒரு திசைவி எப்போது ஏற்கிறது?

சிறுவினா

1. எம்.டி.யு. வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விடும் கட்டளை உண்மையான தீர்வாகாது – விளக்குக.
2. ‘ஃபுல்’ நிலை எய்தியும் வழிகள் தோன்றாமைக்குக் காரணம் தருக.

நெடுவினா

வெவ்வேறு இயங்குதளத் திசைவிகளுக்கிடையே அண்டையுறவு அமையாதபோது பழுதைக் கண்டறியும் முறையைப் பழவேற்காட்டின் பாடு முறையோடு ஒப்பிட்டுக் கட்டுரைக்க.